ஒட்டியவரே உரிக்கட்டும்

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடுவேன். குடிக்க மாட்டார், வெட்டியாக ஊர் சுற்ற மாட்டார், வேலைக்கு ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. நாலாவதற்கு நான் யோசிக்க வேண்டும். கெட்டதாகச் சொல்ல யோசிக்கவே வேண்டாம். குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற மனுஷன், சாயங்காலம் அந்த வேலையை வீட்டுக்கும் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

பீங்கான் தொழிற்சாலையில் பரிசோதகர். சூளையிலிருந்து வரும் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரல் நீள மரக்குச்சியால் விளிம்பில் ஒரு தட்டு தட்டிக் காதருகில் வைத்துக் கேட்பார். நல்ல கோப்பை ‘ணங்’ என்று நீளமாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ‘டொக்’ என்று அங்கேயே அடங்கிவிடும். இவர் அதைச் ‘செத்த சத்தம்’ என்பார். செத்த சத்தம் கேட்டால் சட்டைப் பையில் இருக்கும் சுருளிலிருந்து சிவப்பு வட்டமாக ஒரு ஸ்டிக்கரை உரித்து ஒட்டி, கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவார்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். நல்ல கோப்பையைத் தப்பாகத் தள்ளிவிட்டார்கள் என்று தெரிந்தால், அந்தச் சிவப்பை வேறு யாரும் தொடக் கூடாது. ஒட்டியவரே, அந்தக் கோப்பையைச் செய்த தொழிலாளியின் முன்னால் நின்று, தன் கையால் உரிக்க வேண்டும். இவர் இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூட உரித்ததில்லையாம். இந்தப் பெருமையை எங்கள் வீட்டுப் படி ஏறிய எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, குழாய் ரிப்பேருக்கு வந்தவர் உட்பட.

வீட்டில் இவர் தட்டாத சாமான் இல்லை. புதுச் சட்டியைத் தட்டுவார், அலமாரியைத் தட்டுவார், சுவரைத் தட்டுவார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவள் முதுகில் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். ஏப்பம் வருதான்னு பார்த்தேன் என்றார். நான் இன்றுவரை நம்பவில்லை.

கல்யாணப் பேச்சுக்காக முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், டீயைக் குடித்து முடித்ததும் கோப்பையை நகத்தால் சுண்டிக் கேட்டார். “இது கீறல் விட்டிருக்கு” என்று என் அப்பாவிடமே சொன்னார். பக்கத்தில் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்ற என் தம்பி அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டான். கீறல் இருந்தது உண்மைதான், சில நாளில் கைப்பிடி தனியாகக் கழன்று வந்தது. ஆனால் இவர் மனதில் தங்கியது கோப்பை அல்ல, அந்தச் சிரிப்பு. ஒரு சின்னப் பையனின் சிரிப்பை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்துக்கொள்ள இந்த ஒரு மனுஷனால்தான் முடியும்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது என் தம்பி ஒருவன்தான். தொழிற்சாலைக் குடியிருப்புக்குப் போகும் சாலையில் கார் சாமான் கடை வைத்திருந்தான். சீட் கவர், ஹாரன், ஸ்பீக்கர் எல்லாம் அவனே மாட்டித் தருவான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் வீட்டில்தான் சாப்பாடு. வாரம் முழுவதும் ஒரு பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து, வாயைத் திறந்தால் மூடாத ஜனங்களோடு மல்லுக்கட்டுகிற எனக்கு, அவன் வந்து சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் வாரம் முடிந்ததாக இருக்கும்.

இனி கார். எங்கள் காரில் கம்பெனியிலிருந்தே வந்த ஸ்பீக்கர்கள் பேருக்குத்தான் இருந்தன. பாடுகிறவர் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடுவது போலக் கேட்கும். சத்தத்தைக் கூட்டினால் தகரத்தைச் சுரண்டும். ஒவ்வொரு பயணத்திலும் இவர் அதைத் திட்டுவார். திட்டுவாரே தவிர மாற்ற மாட்டார், மாற்றிவிட்டால் எதைத் திட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பிதான் சொன்னான்.

“அத்தான், முன் கதவு ரெண்டுக்கும் நானே புதுசு போட்டுத் தர்றேன். கடையில இருக்கறதுலயே நல்ல ஜோடி. என் அக்கா காருக்கு என் அன்பளிப்பா இருக்கட்டும்.”

“உனக்குச் சரியா போடத் தெரியுமா?”

“அதுதானே அத்தான் என் பொழப்பு!”

அடுத்த ஞாயிறு காலை வாசலில் வேலை நடந்தது. கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த திருகுகளைக் கழற்றி, ஓரத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, கதவின் உள்பலகையை அலுங்காமல் எடுத்தான். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழியாமல் உரித்தான். கதவுத் தகடு அதிராமல் இருக்கக் கனமான கருப்புப் பட்டையை ஒட்டி அழுத்தினான். எந்தக் கம்பி பிளஸ், எது மைனஸ் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தான். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மேலேயே நின்றார். பட்டை ஒட்டுவதற்கு முன்னாலும் பின்னாலும் கதவைக் குச்சியால் தட்டிப் பார்த்தார்.

“இப்ப செத்த சத்தம் வருதே!”

“கார் கதவு செத்துத்தான் அத்தான் கெடக்கணும். அப்பத்தான் ஸ்பீக்கருக்கு உயிர் வரும்.”

உயிர் வந்தது. பாட்டைப் போட்டதும், பாடுகிறவள் முன்கண்ணாடிக்குக் கீழே, சரியாக நடுவில் உட்கார்ந்து பாடுவது போல இருந்தது. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. மகள் பின் சீட்டில் குதித்தாள். கீழ் வீட்டுக்காரர்கள் கையில் டம்ளரோடு வந்து நின்றுவிட்டார்கள். தம்பியின் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது, அவ்வளவு பூரிப்பு. இவர் ஓட்டுநர் சீட்டில் ஏறி, வழக்கம்போலக் குச்சியைப் பக்கத்துக் கதவின் பையில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். எல்லோரும் காத்திருந்தோம்.

“என் பக்கத்துக் கதவுல ஏதோ அதிருது.”

இவர் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினார். தம்பி ஏறி உட்கார்ந்து கேட்டான், ஒன்றும் அதிரவில்லை. கீழ் வீட்டுக்காரரும் கேட்டார், ஒன்றுமில்லை. மறுபடி இவர் உட்கார்ந்தார், அதிருகிறது என்றார். மறுபடி தம்பி உட்கார்ந்தான், இல்லை என்றான். கடைசியில் அவன் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தையை விட்டுவிட்டான்.

“அப்ப கோளாறு கதவுல இல்ல, உங்க காதுலதான் அத்தான்!”

கீழ் வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவனுக்கு அது கேலி. இவருக்கு அது சோற்றில் கை வைத்த மாதிரி. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்று மதியம் தம்பியின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார், ஆனால் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரம் நடுவில் ஒரு நாள் காரில் ஏறிப் பாட்டைப் போட்டால், பாடுகிறவளைக் காணோம். தாளம் இரண்டு பக்கமும் சலசலவென்று கேட்கிறது, குரல் மட்டும் எங்கோ தூரத்தில். “யாரோ பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கும்மா” என்றாள் மகள். இவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே, “பார்த்தியா உன் தம்பி வேலைய. ஒரு வாரம் தாங்கல” என்றார். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. சண்டைக்குக் காரணம் கிடைத்த சந்தோஷத்தை நான் வேறு எந்த முகத்திலும் அவ்வளவு பளிச்சென்று பார்த்ததில்லை.

நேரே தம்பி கடைக்கு ஓட்டினார். நானும் கூட இருந்தேன். கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள், பாதிப் பேர் தொழிற்சாலை ஆட்கள். காரின் கதவுகளை விரியத் திறந்து வைத்துப் பாட்டை அலறவிட்டார்.

“எல்லாரும் கேளுங்க! என் மச்சான் போட்ட ஸ்பீக்கர். குரலே இல்லாம பாட்டுப் பாடும்.”

தம்பி ஓடிவந்து தலையை உள்ளே நீட்டிக் கேட்டான். உடனே அவன் முகம் மாறியது. கதவு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

“அத்தான், இதை யாரோ திறந்திருக்காங்க. இங்க ஒரு கிளிப் உடைஞ்சிருக்கு, இது நான் மாட்டின மாதிரி இல்ல. ஒரே நிமிஷம் குடுங்க, சரி பண்ணிடறேன்.”

“யாரு திறப்பா? நானா? நான் கை வைக்கவே இல்ல. என்னைப் பொய்யன்னு சொல்றியா?”

“அப்படிச் சொல்லல அத்தான்...”

“இனிமே உன் கை என் கார்ல படக் கூடாது.”

அத்தோடு விட்டாரா? சட்டைப் பையிலிருந்து அந்தச் சுருளை எடுத்து, ஒரு சிவப்பு வட்டத்தை உரித்து, ஓட்டுநர் பக்கத்துக் கதவில் ஸ்பீக்கரை மூடியிருக்கும் வலை மேல் ஒட்டினார். கட்டை விரலால் நாலு பக்கமும் அழுத்தித் தேய்த்தார். தொழிற்சாலை ஆட்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். ஒருவர் தன் சாவியை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்தார். தம்பி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் இவரை என்னென்னவோ சொல்லிக் கத்தினேன், காதிலேயே வாங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கீறலே காதில் விழுகிறவருக்கு என் குரல் மட்டும் கேட்காது.

அதன் பிறகு தம்பி என் வீட்டுக்கு வரவில்லை. போனில் கெஞ்சினேன், அழுதேன், அக்கா என்ற உரிமையில் அதட்டியும் பார்த்தேன்.

“உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அவர் ஒட்டினத அவரே உரிக்கட்டும். என் முன்னாடி. அவங்க ஃபேக்டரி வழக்கம்தானே? அப்புறம் வர்றேன்.”

இவரிடம் போய்ச் சொன்னால், “என் வாழ்க்கையில ஒண்ணு உரிச்சதில்ல” என்று அதே பழைய பாட்டு. இவரே அந்தக் காரில் அந்தக் குரலில்லாத பாட்டைக் கேட்டுக்கொண்டு ஓட்டினார். வேண்டுமென்றே சத்தமாக வைத்தார். தொழிற்சாலை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் உட்கார வைத்துக் கேட்க வைத்தார். சாப்பாட்டு அறையிலும் அதே பேச்சு. தம்பி கடைக்கு வந்துகொண்டிருந்த குடியிருப்பு ஆட்கள் ஒவ்வொருவராக வேறு கடைக்குத் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சமையலறைத் தரை வெறுமையாகக் கிடந்தது. நான் அங்கே நின்று பாத்திரங்களை உருட்டினேன். ஒவ்வொன்றையும் இவர் தலையில் போடுவதாக நினைத்துக்கொண்டுதான் உருட்டினேன்.

பிறகு ஒரு நாள் தம்பி போன் செய்தான். வெளியூரில் கூட்டாளி ஒருவனின் கடையில் சேர்ந்துகொள்ளப் போகிறானாம். இந்தக் கடையை இந்த வாரத்தோடு மூடுகிறானாம். “போறதுக்கு முன்னாடி வந்து சாப்பிட்டுட்டுப் போடா” என்றேன். “சிவப்பு இன்னும் இருக்காக்கா?” என்று மட்டும் கேட்டான். சிவப்பு அப்படியே இருக்கிறது.

அந்த வாரம்தான் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதனால் இவர் தொழிற்சாலைப் பேருந்தில் போனார், கார் வீட்டில் நின்றது. அரை நாள் விடுப்புப் போட்டு மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்த கார் எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். அவர் உள்பலகையைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“என்னம்மா இது, ஸ்பீக்கர் கம்பிய டேப்புக்குப் பதிலா எதையோ வச்சுச் சுத்தியிருக்காங்க?”

குனிந்து பார்த்தேன். இரண்டு கம்பிகளையும் கையால் முறுக்கி, அதன் மேல் சிவப்பு வட்டங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றி ஒட்டியிருந்தது. இந்த ஊரில் அந்தச் சுருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலையிலிருந்து வருவதற்குள், அந்த அதிர்வைக் கண்டுபிடித்தே தீருவது என்று கதவைப் பிரித்திருக்கிறார். கம்பி பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கையில் இன்சுலேஷன் டேப் இல்லாமல் கைக்குக் கிடைத்ததை ஒட்டி மூடியிருக்கிறார். கை வைக்கவே இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன கை!

“பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கும்மா. ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும். நடுவுல வர வேண்டிய குரல் அடிபட்டுப் போயிடும்.”

எங்கள் வீட்டு நிலவரத்தையே சொல்கிறாரோ என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். கம்பியை மாற்றிச் சரியாகப் போடச் சொன்னேன், கண்ணாடியும் சரியாயிற்று. சுற்றியிருந்த சிவப்புகளை மட்டும் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வலையில் ஒட்டியிருந்ததைத் தொட வேண்டாம் என்றேன். பாட்டைப் போட்டுப் பார்த்தார். பாடுகிறவள் வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன். இவர் பேருந்துக்கு வந்தவர், காரைப் பார்த்ததும் என் பக்கத்து சீட்டில் ஏறினார். குச்சியைத் தன் பக்கத்துக் கதவின் பையில் போட்டார். நான் வண்டியை எடுத்து, கொஞ்ச தூரம் போனதும் பாட்டைப் போட்டேன்.

இவர் முதுகு நிமிர்ந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அந்தக் காதுக்கு விளக்கம் தேவையில்லை. முதல் வரி முடிவதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது.

“யாரு கை வச்சது?”

“முதல்ல யாரு வச்சாங்கன்னு சொல்லுங்க.”

பாட்டில் கனமான தாளம் வந்தது. உடனே அவர் பக்கத்துக் கதவில் ஏதோ கிர்ரென்று அதிர்ந்தது. எனக்கே நன்றாகக் கேட்டது. ஒரு கணம் யோசித்தேன். அன்று இவர் ஏறினால் அதிர்ந்தது, இறங்கினால் நின்றது.

“அந்தக் குச்சியக் கையில எடுங்க.”

“எதுக்கு?”

“எடுங்கன்னா எடுங்க!”

எடுத்தார். அதிர்வு நின்றது. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவின் பையை ஒருமுறை பார்த்தார். அவர் காது பொய் சொல்லவில்லைதான், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவருடைய குச்சிச் சத்தத்தையே அவர் கேட்டிருக்கிறார். அதற்காக என் தம்பியின் பிழைப்பில் மண்ணைப் போட்டிருக்கிறார். சிக்னலில் நின்றபோது கைப்பையைத் திறந்து, கசங்கிய சிவப்பு வட்டங்களை அவர் மடியில் கொட்டினேன். அவர் பார்க்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை.

வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. தம்பி கடை வாசலில், ஓட்டுநர் பக்கம் கடையைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தினேன். உள்ளே அலமாரிகள் காலியாக இருந்தன. தம்பி அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். காரைப் பார்த்ததும் கையில் கயிறோடு படியில் வந்து நின்றான்.

“இறங்குங்க” என்றேன். “இறங்கி இந்தப் பக்கம் வந்து, ஒட்டினத உரிங்க.”

“வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.”

“இன்னிக்கு இது உரியலன்னா நான் அந்த வீட்டுக்கே வரல. என் கூடப் பொறந்தவன் வராத வீடு எனக்கு எதுக்கு?”

நான் சும்மா மிரட்டவில்லை. அந்த நிமிஷம் அப்படியே நினைத்தேன், இப்போதும் அதற்காக வருத்தப்படவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். தட்டிப் பார்க்காமலே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் கதவை அகலத் திறந்து காலை ஒதுக்கிக்கொண்டேன். அவர் ரோட்டில், என் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நகத்தை வைத்தார்.

வெயிலில் காய்ந்து போயிருந்த ஸ்டிக்கர் லேசில் வரவில்லை. துணுக்குத் துணுக்காகப் பிய்ந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தார். வலையின் ஓட்டைகளுக்குள் புகுந்திருந்த பசையைக் குச்சி நுனியால் குத்தி எடுத்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, நான் நிறுத்தவில்லை. தம்பி உதவிக்கு வரவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை. கடைசித் துணுக்கு வந்ததும் இவர் தலை நிமிராமல் சொன்னார்.

“கம்பிய நான்தான் மாத்தி முறுக்கிட்டேன்.”

“தெரியும் அத்தான்.”

“எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே.”

“சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே” என்றான் தம்பி.

இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சுற்றிப் போய்த் தன் சீட்டில் ஏறினார். தம்பி என் பக்கம் வந்து ஜன்னலில் கை வைத்தான்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன்கா.”

“அப்ப ஊருக்குப் போகலியாடா?”

“அது போறதுதான். இங்க இனிமே என்ன இருக்கு? சாப்பிட்டுட்டு அப்படியே கிளம்பறேன்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். தெரு முனை திரும்பியதும் இவர் சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினார்.

“கைய எடுங்க” என்றேன்.

எடுத்துக்கொண்டார். வீடு வரும்வரை அந்தக் குரல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தெளிவாகப் பாடிக்கொண்டே வந்தது.